முன்வரிசைக்குக் கேட்ட நடுக்கம்

லிஃப்ட்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. மீதிப் பேருக்கு மறந்துவிட்டது. இந்த நகரத்தில் மாடி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஏறிப்போக லிஃப்ட் மாட்டியவர் தாம்தான் என்பார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால், மேகங்கள் மேலே போனதிலும் தம் கை கொஞ்சம் இருக்கிறது என்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு உலகத்தில் இரண்டே இரண்டின்மேல்தான் முழு நம்பிக்கை. ஒன்று, லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறு. மற்றது, அக்காவின் குரல்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பாப் பாடகி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மீன்செதில் போல மின்னும் சட்டையோடு அவர் மேடையில் துள்ளிக் குதித்தபோது, வீடு வீடாகப் பெற்றோர்கள் ரேடியோவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அலமாரிக்குள்ளிருந்தும் அவர் பாடினார். அன்று அலமாரிக் கதவில் காதை ஒட்டிக் கேட்ட பிள்ளைகள் இன்று ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறார்கள். அக்காவுக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் துள்ளுகிறார், தரையிறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி மட்டும் பக்கத்தில் வேண்டும். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். லிஃப்ட்காரரே அவரைவிட இரண்டு வயது பெரியவர். அதை யாரும் வெளியில் சொல்வதில்லை.

அக்காவின் ரசிகர்களில் பல ரகம். லிஃப்ட்காரர் தலைமை தாங்கும் ரகத்துக்கு முன்வரிசைக்காரர்கள் என்று பெயர். எந்தக் கச்சேரியானாலும் விடியும் முன்பே போய் நின்று, மேடைக்கு நேர் கீழே, ஸ்பீக்கருக்கு ஒட்டினாற்போல இடம் பிடிப்பவர்கள். அந்த ஸ்பீக்கர் இருக்கிறதே, நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம். அதிலிருந்து ஓர் அடி விழுந்தால் சட்டைப் பித்தான்கள் தாமாகவே கழன்று கொள்ளும். அவர்களில் ஒருவரான சலூன்காரருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்ததே அக்காவின் கச்சேரியில்தான் என்பது இந்த ரசிகர் சங்கத்தின் அதிகாரபூர்வ வரலாறு. ஒரு காலத்தில் முன்வரிசை அவ்வளவு நீளம். மைதானத்தைச் சுற்றி வந்து பின்வரிசையின் முதுகில் இடிக்கும். இப்போது லிஃப்ட்காரர் வீட்டு ஹாலில் அடங்கிவிடுகிறது, சோபாவின் கைப்பிடிகளையும் சேர்த்தால்.

இவர்களிடம் ஒரு அளவுகோல் உண்டு. அதன் பெயர் தூண். அக்காவின் ஒவ்வொரு ஆல்பத்திலும் எங்கேயாவது ஓரிடத்தில் அவர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துவார். ஏறாது, இறங்காது, ஆடாது. லிஃப்ட் தளத்துக்கு நேராக, மயிரிழை மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் வந்து நிற்பதுபோல. "தூண் நட்டாச்சு!" என்று முன்வரிசை கத்தும். "அவங்க நிறுத்த ஆரம்பிக்கும்போது நீங்க அடுப்புல பால் வைக்கலாம். காப்பி போட்டுக் குடிச்சு, டம்ளரைக் கழுவி, துடைச்சுக் கவுத்து வச்சுட்டு வாங்க. அப்பவும் நிக்கும்" என்று லிஃப்ட்காரர் கை தட்டிச் சொல்வார்.

இந்த முன்வரிசைக்கு அக்கா ஒரு அதிகாரம் கொடுத்திருந்தார். ஒரு கச்சேரியில், பத்திரிகைகள் அவரைப் பிய்த்து எறிந்திருந்த சமயம், மைக்கைப் பிடித்து நேராக இவர்களைப் பார்த்துச் சொன்னார்: "எழுதறவங்க என்ன வேணா எழுதட்டும். இதோ, இந்த முன்வரிசை என்னைக்கு 'போதும் அக்கா'ன்னு சொல்லுதோ, அன்னைக்கே மைக்கைக் கீழ வச்சுடுவேன்." அன்றிலிருந்து சங்கத்தில் ஒரே ஒரு விதிதான். அக்கா விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது.

இத்தனை வருஷம் ஸ்பீக்கரோடு குடித்தனம் நடத்தினால் காது சும்மா இருக்குமா? ஒவ்வொருவருக்காக மந்தமானது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் தேதி கேட்டால் இன்னொருவர் முட்டு வலிக்குத் தைலம் சொன்னார். கடைசியில் சங்கத்திலிருந்த கணக்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய அண்ணன் மகள் காது மெஷின் பொருத்துகிறவள். மொத்தக் கூட்டமும் ஒரே நாளில் போய் ஒரே மாதிரி மெஷினை மாட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, எது சரியாகக் கேட்கவில்லை என்று பொறுமையாகக் கேட்டாள். எல்லோரும் ஒரே பதில்: "பேச்சும்மா. வீட்டுல பேசறது விளங்கல."

"பாட்டெல்லாம் கேப்பீங்களா சார்?" என்று லிஃப்ட்காரரிடம் கேட்டாள்.

"ஏதோ... அப்பப்ப" என்றார் அவர், ஐம்பது வருஷ விசுவாசத்தையும் எச்சிலோடு விழுங்கிவிட்டு. அக்காவின் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமே!

அந்த நிலைமையில்தான் அக்காவின் புது ஆல்பம் வந்தது. பல வருஷ இடைவெளிக்குப் பிறகு. டிரம் இல்லை, கிதார் இல்லை, பின்னால் நின்று கூடப் பாடும் பெண்கள் இல்லை. ஒரு பியானோ, ஓர் அக்கா. அவ்வளவுதான். ஆல்பம் வெளிவந்த அன்று பத்திரிகையில் அக்காவின் பேட்டியும் வந்தது. "இது கடைசி ஆல்பமா?" என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலைப் படித்து முன்வரிசைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஞாயிற்றுக்கிழமை ரேடியோவுல முன்வரிசைக்காரங்க பேசப் போறாங்களாம். நானும் கேட்பேன். அவங்க போதும்னா போதும். இல்லன்னா ஊர் ஊரா போய்ப் பாடுவேன்."

வழக்கப்படி ஹாலில் கூடினார்கள். வழக்கப்படி எல்லோருக்கும் இருமல் மிட்டாய் கொடுக்கப்பட்டது. பாட்டின் நடுவில் இருமுகிறவர் அடுத்த ஆல்பம் வரை வாசற்படியில்தான் உட்கார வேண்டும். முதல் நாலு பாட்டும் தலையாட்டலில் போயிற்று. ஐந்தாவது பாட்டில் பியானோ மெதுவாக ஒதுங்கியது. அக்கா மூச்சிழுத்தார். எல்லோரும் சோபாவின் நுனிக்கு வந்தார்கள். தூண் எழும்பியது.

ஆடியது.

லேசாக இல்லை. ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் லாரி போனால் கண்ணாடி எப்படி அதிரும், அப்படி. நடுங்கி, அறுந்து, ஒட்டி, மறுபடி நடுங்கியது. லிஃப்ட்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். சலூன்காரர் வாயிலிருந்த மிட்டாயை மெல்வதை நிறுத்தினார். பாட்டு முடிந்தது, ஆல்பம் முடிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

டீத் தட்டோடு வந்த லிஃப்ட்காரர் மனைவி வாசலிலேயே நின்றாள். அவளுக்கு அக்கா பாட்டு என்றாலே ஆகாது. கல்யாணமான புதிதில் சம்பள நாளில் கணவர் கச்சேரிக்கு ஓடிய கதை ஒன்று உண்டு, அதை இப்போதும் வாரம் ஒருமுறை சொல்வாள். "என்னங்க, யாராவது போயிட்டாங்களா? எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"இல்லம்மா" என்றார் லிஃப்ட்காரர். "இன்னும் போகல."

மறுநாள் காலையில் அடுத்த அடி விழுந்தது, அதுவும் மாப்பிள்ளை கையிலிருந்து. லிஃப்ட்காரரின் ஒரே மகளைக் கட்டியவர் தொழிலால் இசை விமர்சகர். நாட்டிலேயே பொல்லாத பேனா. அக்காவின் போன ஆல்பத்தை 'நேற்றுத் திறந்து வைத்த சோடா' என்று எழுதியவர். அதற்குப் பிறகு ஒரு வருஷம், மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தால் லிஃப்ட்காரர் முதல் நாளே ஒரு சோடாவைத் திறந்து வைத்துவிடுவார். "வாங்க மாப்பிள்ளை, தாகமா வந்திருப்பீங்க" என்று மறுநாள் மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டுவார். மாப்பிள்ளையும் மறு பேச்சில்லாமல் குடிப்பார்.

அந்த மாப்பிள்ளை இப்போது புது ஆல்பத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தார். 'இந்தக் குரலுக்கு வயதாகியிருக்கிறது, தளர்ச்சி வரவில்லை. ஐந்தாவது பாட்டில் அவர் பிடித்து நிறுத்தும் ஸ்வரத்தைவிட நேரான ஒன்றை இந்த வருஷம் நான் கேட்கவில்லை.'

லிஃப்ட்காரர் பத்திரிகையை மடித்தார், விரித்தார், மறுபடி படித்தார். திட்டினால் தாங்கலாம். இது என்ன? போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, சௌக்கியமா?"

"சௌக்கியம் மாமா. படிச்சீங்களா?"

"படிச்சேன். வயசானவங்கன்னு இரக்கமா?"

"இரக்கமா? எதுக்கு?"

"நேரான ஸ்வரம்னு போட்டிருக்கீங்களே. கிண்டலா?"

"மாமா, நிஜமாவே நேராதானே இருக்கு?"

"மாப்பிள்ளை, உங்க சோடாவக்கூட நான் மன்னிச்சுடுவேன். இந்தச் சர்க்கரைத் தண்ணிய மன்னிக்க மாட்டேன்" என்று போனை வைத்தார். திட்டுகிறவனே பாவம் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்றால், அதற்குமேல் ஒரு பாடகிக்கு என்ன அவமானம் வேண்டும்?

சனிக்கிழமை சங்கம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் முன்வரிசை சார்பில் பேசப் போகிறவர் லிஃப்ட்காரர். எதிரே விமர்சகர் என்று உட்காரப் போகிறவர் அதே மாப்பிள்ளை. என்ன சொல்வது?

"நல்லா இருக்குன்னு சொல்லிடுவோமே" என்றார் சலூன்காரர். "நான் எத்தனை பேருக்கு வழுக்கையே தெரியலன்னு சொல்லியிருக்கேன். யாராவது செத்தா போயிட்டாங்க?"

"அதான் உங்க கடைக்கு வந்தவன் எல்லாம் கல்யாண போட்டோல அழுவான்" என்றார் டீச்சர். அவரே பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனாலும் எப்படிங்க நம்ம வாயால சொல்றது?" என்றார்.

லிஃப்ட்காரர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததைச் சங்கம் அதுவரை கண்டதில்லை. சலூன்காரர் பயந்துபோய் அவர் மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

"கயிறு பிரிய ஆரம்பிச்சா லிஃப்டை நிறுத்திடணும்" என்றார் கடைசியில். "ஆளுங்க ஏறி நடுவுல தொங்கும்போது நிறுத்தக் கூடாது. நாம சும்மா இருந்தா அக்கா ஊர் ஊரா கிளம்பிடுவாங்க. ஏதோ ஒரு ஊர்ல, நம்மள மாதிரி இல்லாத கூட்டம், அந்த இடம் வரும்போது சிரிக்கும். அத அவங்க மேடையில நின்னு பார்க்கணுமா? நாளைக்கு நான் சொல்லிடறேன்."

யாரும் மறுக்கவில்லை. மனைவி கொண்டுவந்த பிஸ்கட்டையும் யாரும் தொடவில்லை. அந்த வீட்டில் தட்டு நிறையப் பிஸ்கட் திரும்பிப் போனது சரித்திரத்தில் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனாரும் மாப்பிள்ளையும் ரேடியோ நிலையத்து லிஃப்டில் ஒன்றாக ஏறினார்கள். ஒருவர் கதவைப் பார்த்தார், மற்றவர் கூரையைப் பார்த்தார். லிஃப்ட் நின்றபோது தரையைவிட விரல் அளவு கீழே நின்றது. வேறு நாளாக இருந்தால் லிஃப்ட்காரர் அங்கேயே சட்டைக் கையைச் சுருட்டியிருப்பார். அன்று பேசாமல் படி ஏறுவதுபோல் ஏறிப் போனார். அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளைக்கு விஷயம் பெரிது என்று புரிந்தது.

"மாமா, அப்படி என்னதான் சொல்லப் போறீங்க?"

"ரேடியோவுல கேட்டுக்கோங்க மாப்பிள்ளை."

ஒலிபரப்பு அறை ஒரு சமையலறை அளவுதான். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. நிகழ்ச்சியை நடத்தப்போகும் ஆர்ஜே பெண் மூச்சுவிடும் இடைவெளியில் முப்பது வார்த்தை பேசக்கூடியவள். நிகழ்ச்சி தொடங்கியது. மாப்பிள்ளை, எழுதியதையே இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றிச் சொன்னார். லிஃப்ட்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முறைத்தார்.

"சூப்பர்! இப்ப நாம எல்லாரும் எதிர்பார்க்கிற முன்வரிசைத் தீர்ப்பு! அதுக்கு முன்னாடி அந்த அஞ்சாவது பாட்டை ஒருதரம் கேட்டுடலாமா சார்? ஹெட்போன் மாட்டிக்கோங்க!"

அவர் மாட்டினார். அவ்வளவுதான், காது மெஷினுக்கும் ஹெட்போனுக்கும் ஜென்மப் பகை மூண்டது. கீச்சென்று ஒரு கூவல் கிளம்பி மைக்கில் ஏறி நாடு முழுவதும் பரவியது. வீடுகளில் நாய்கள் எழுந்து நின்றன. தூங்கிக்கொண்டிருந்த காவலாளிகள் வணக்கம் வைத்தார்கள். ஆர்ஜே பெண் தன் காதைப் பொத்திக்கொண்டே, மெஷினைக் கழற்றிவிடச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு இப்ப ஒண்ணும் கேக்காதே!" என்று நாட்டுக்கே அறிவித்தார். அவள் சிரித்து, அவர் ஹெட்போனுக்கான திருகை முழுவதும் திருப்பினாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, அதிலிருந்து கசிந்த சத்தத்துக்கே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பாட்டு வந்தது. பியானோ வந்தது, ஒதுங்கியது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார், ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரைப்போல. அக்கா மூச்சிழுத்தார்.

தூண் எழும்பியது. நின்றது.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். நின்றுகொண்டே இருந்தது. இளமையில் இருந்த பளபளப்பு இல்லை. ஓரங்களில் சொரசொரப்பு, நடுவில் ஒரு கனம். ஆனால் நேர்! ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குமிழி நடுவில் நிற்கும். பால் காய்ந்து, காப்பி கலந்து, டம்ளர் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. இன்னும் நின்றது.

"நிக்குது!" என்று எழுந்து கத்தினார். "ஏய், நிக்குது மாப்பிள்ளை!"

"அதத்தானே மாமா நான் எழுதினேன்!"

அது அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி போடச் சொல்லிக் கையைச் சுழற்றினார். இந்த முறை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மெஷினை மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த ஸ்பீக்கரில் கேட்டார். நடுங்கியது. மெஷினைக் கழற்றினார், ஹெட்போனை மாட்டினார். நின்றது. மெஷின், நடுக்கம். ஹெட்போன், தூண். நாற்பது வருஷம் லிஃப்ட் பார்த்தவருக்கு இது தெரியாதா? மோட்டாரா, கயிறா, ஸ்விட்சா என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் திருடன் தானாக மாட்டுவான். நேரலையில் ஒரு மனிதர் இப்படிக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கூத்தடிக்க, ஆர்ஜே பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வார்த்தை வரவில்லை.

"மேடம்" என்றார் அவர் மூச்சு வாங்க. "கயிறு நல்லா இருக்கு. என் காது மெஷின்தான் ஃபிராடு!"

மேசையில் போன் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. முதல் அழைப்பே காது மெஷின் பெண்தான். அழாக்குறை.

"சார், ஃபிராடெல்லாம் இல்ல சார்! நீளமா, ஒரே மாதிரி ஒரு சத்தம் வந்தா, அது தான் போடற கூவல்தான்னு மெஷின் நினைச்சுக்கும். உடனே அத அமுக்கப் பார்க்கும். அதான் நடுங்கற மாதிரி கேட்டிருக்கு. பாட்டுக்குன்னு தனி செட்டிங் இருக்கு சார். பாட்டு கேப்பீங்களான்னு உங்க எல்லார்கிட்டயும் கேட்டேனே! அப்பப்பன்னுதானே சொன்னீங்க!"

"அப்ப பழைய பாட்டெல்லாம் நல்லாத்தானேம்மா கேட்டுச்சு?"

"அதுல பின்னாடி அவ்வளவு வாத்தியம் இருக்கு சார். அது போக, அதையெல்லாம் நீங்க காதாலயா கேக்கறீங்க? உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே."

லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை, 'போதும்' என்ற ஒரே ஒரு வார்த்தை, நுனிநாக்கு வரை வந்து நின்றிருந்தது. இன்னும் கால் மணி நேரம் முந்தியிருந்தால் அதை நாடு கேட்டிருக்கும். அக்காவும் கேட்டிருப்பார். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

அப்போது ஆர்ஜே பெண் இன்னொரு விளக்கைப் பார்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, கோவிலுக்குள் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்: "அக்கா லைன்ல இருக்காங்க."

"தம்பி" என்றது ஹெட்போன். பேசும்போது அந்தக் குரல் கொஞ்சம் கரகரக்கும். தம்பி என்று கூப்பிடப்பட்ட எழுபத்து மூன்று வயதுக்காரர் விருட்டென்று எழுந்து நின்றார். ஹெட்போனைக் கழற்றி, மெஷினைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, மறுபடி சரியாக மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்கக்கா."

"அந்த மெஷின் பொண்ணு சொன்னது நிஜமா? பாட்டுக்குத் தனி செட்டிங் இருக்கா?"

"இருக்காம்க்கா. ஏங்க்கா?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "என் காதுலயும் மெஷின்தான் தம்பி. ரெண்டு வருஷமா. முடியில மறைச்சு வச்சிருக்கேன். பாடும்போது கழட்டிட்டு ஹெட்போன் போட்டுப்பேன், அப்ப நேரா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து மாட்டிக்கிட்டு கேட்டா, நடுங்குது. ஸ்டுடியோவுல எல்லாரும் அருமை அக்கா, அருமை அக்கான்னாங்க. எங்கிட்ட சம்பளம் வாங்கறவங்க வேற என்ன சொல்வாங்க? அப்புறம் உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, சோடாக்காரர், அவர் புகழ்ந்து எழுதினதும் எனக்கு உயிரே போச்சு. சரி, கிழவிக்குப் பாவம் பார்த்துட்டாங்க, முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"அக்கா!" மாப்பிள்ளையும் எழுந்துவிட்டார். "நான் பாவம் பார்த்து ஒரு வரி எழுதினதில்ல!"

"எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, அந்தச் சோடாவ ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன்" என்றார் அக்கா. "ஸ்டுடியோக்காரங்கள நம்பாமதான் தம்பி, தீர்ப்ப உங்ககிட்ட விட்டேன். பொய் சொல்ல மாட்டீங்கன்னு. இன்னைக்குக் காலையில இருந்து சாப்பிடல. ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ராட்சச ஸ்பீக்கருக்கு இந்தப் பக்கம் இவர்கள் நின்ற அத்தனை வருஷமும், அந்தப் பக்கம் நின்றவர் அவர். காதுகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே சத்தத்தில்தான் தேய்ந்திருக்கின்றன.

"இப்ப சொல்லுங்க. முன்வரிசை என்ன சொல்லுது?"

"அக்கா, விதின்னு ஒண்ணு இருக்கு. பொய் சொல்லக் கூடாது" என்றார் அவர். "நாங்க இன்னும் உங்க ஆல்பத்தைக் கேக்கவே இல்ல. ஒரு பாட்டுல ஒரு இடம் கேட்டிருக்கேன், அது தூண். மத்தத கேக்காம எப்படி தீர்ப்பு சொல்றது? நீங்களும் இன்னும் உங்களக் கேக்கல. முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் மெஷினக் கழட்டி வச்சுட்டு, ஹெட்போன்ல சத்தமா வச்சுக் கேளுங்க. நாங்களும் கேக்கறோம்."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது. "அப்ப ஊர் ஊரா போறதுக்கு டிக்கெட் அடிக்கச் சொல்லிடட்டுமா?"

"முன்வரிசைய எங்களுக்கு விட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க!"

"ஸ்பீக்கரக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லவா?"

"ஐயோ வேணாங்க்கா, அங்கயே இருக்கட்டும். போன காது போயாச்சு. இனிமே அது எங்கள என்ன பண்ணிடும்!"

நேரம் முடியப் போகிறது என்று ஆர்ஜே பெண் விரலைக் காட்டினாள். கடைசியாக விமர்சகர் ஒரு வரி சொல்லலாமே என்றாள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எனக்கு ரெண்டாவது பாட்டு மட்டும் பிடிக்கல. இழுவை."

"இழுவையா?" லிஃப்ட்காரர் மேசையில் அடித்தார். முகமெல்லாம் பல். "மாப்பிள்ளை, ரெண்டாவது பாட்டப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நீங்கதான் இன்னும் கேக்கவே இல்லன்னீங்களே மாமா!"

"கேக்கலன்னா என்ன, சண்டை போடக் கூடாதா?" என்று அவர் கேட்டதோடு நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வந்துவிட்டது.

மெஷின் பெண் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாற்றிக் கொடுக்க ஒரு வாரம் ஆகும் என்றாள். அதுவரை யார் காத்திருப்பது? மறுநாளே மாப்பிள்ளை, ஒரு பாட்டைப் பல ஹெட்போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்றைத் தன் ஆபீசிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். ஹாலில் முன்வரிசை முழுவதும் மெஷின்களைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் விமானம் ஓட்டப் போகிறவர்கள் மாதிரி இருந்தது. அறையில் சத்தமே இல்லை. ஆனால் சலூன்காரர் அழுதார், டீச்சர் சோபாவில் தாளம் போட்டார், ஐந்தாவது பாட்டு வந்தபோது எல்லோரும் ஒன்றாகக் கையைத் தூக்கி "தூண் நட்டாச்சு!" என்று கத்தியதில் எதிர் வீட்டில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டது.

மனைவி டீத் தட்டோடு வந்தாள். "டீ" என்றாள். யாரும் திரும்பவில்லை. "டீ ஆறுது!" ஒரு தலையும் அசையவில்லை. தட்டை வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு ஹெட்போனை எடுத்து, அதில் என்னதான் இருக்கிறது என்று ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அவளுக்காகப் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது வந்தது. அவள் நெற்றி சுருங்கியது.

"மாப்பிள்ளை சொன்னது சரிதாங்க" என்றாள். "இது இழுவை."

டீ என்று இரண்டு முறை கூப்பிட்டது கேட்காத அத்தனை பேருக்கும் இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. ஹெட்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கழன்றன.